காற்றுத் தூசியும் மெத்தில் குறிகளும்: ஓர் ஆய்வுத்துறையின் வளர்ச்சி

1993 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் டக்ளஸ் டாக்கரியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, காற்று மாசு ஆய்வின் போக்கையே மாற்றியது. அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. வயது, புகைப்பழக்கம், கல்வி, உடல் எடை ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும், காற்று மிக மோசமாக இருந்த ஸ்டூபன்வில் நகரில் இறப்பு விகிதம், காற்று மிகச் சுத்தமாக இருந்த போர்ட்டேஜ் நகரைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. தொழில்துறையினர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். மூலத் தரவுகள் வெளியாருக்குக் கொடுக்கப்பட்டு, தொடக்கத்திலிருந்து மறுபடி கணக்கிடப்பட்டன. 2000-இல் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட மறுஆய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கு (1930), பென்சில்வேனியாவின் டொனோரா (1948), லண்டன் (1952) ஆகிய இடங்களில் அதற்கு முன் நேர்ந்த காற்று மாசுப் பேரிடர்கள் சில நாட்களில் வந்து போனவை. புகை மூட்டம் கவிந்தது, மக்கள் இறந்தார்கள், மூட்டம் விலகியது. ஆறு நகர ஆய்வு காட்டிய ஆபத்தோ கண்ணில் படாதது, ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. அதுவே விடை தெரியாத ஒரு கேள்வியையும் எழுப்பியது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் என்பது தெரிந்த விஷயம். அங்கே அழற்சி உண்டாவதும் தெரிந்ததே. ஆனால் அழற்சி அடங்கிவிடும். பத்தாண்டு கழித்து மாரடைப்பாக வெளிப்படும் அளவுக்கு, பழைய காற்றின் பாதிப்பை உடல் எங்கே சேமித்து வைக்கிறது?

இதற்கு விடை தேடித்தான் ஆய்வாளர்கள் மேல்மரபியல் எனப்படும் எபிஜெனெடிக்ஸ் பக்கம் வந்தார்கள். இத்துறையின் பெரிய பயன், மாசு கொல்கிறது என்பதற்கு இன்னொரு சான்று சேர்ப்பது அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சான்று போதுமான அளவுக்கு முன்பே கிடைத்துவிட்டது. காற்று சுத்தமானால் உடல் எந்த அளவுக்கு மீளும் என்பதை அளக்க ஒரு கருவி கிடைத்திருக்கிறது, அதுதான் முக்கியம்.

மெத்தில் குறி

'எபிஜெனெடிக்ஸ்' என்ற சொல்லை 1942-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கான்ராட் வாடிங்டன். அவர் மனத்தில் இருந்தது கருவளர்ச்சி. டி.என்.ஏ.யில் உள்ள சைட்டோசின் மீது ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு, மரபணு வேலை செய்வதையும் அடங்கியிருப்பதையும் தீர்மானிக்கலாம் என்றும், செல் பிரியும்போது அந்தக் குறியும் படியெடுக்கப்படலாம் என்றும் 1975-இல் ஹாலிடேயும் பியூவும் ஒருபக்கம், ரிக்ஸ் மறுபக்கம், தனித்தனியே முன்மொழிந்தார்கள். புற்றுக்கட்டிகளில் இந்தக் குறிகள் குறைந்திருப்பதை 1983-இல் ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் கண்டார்கள். டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறுவதில்லை. அதன் மேலுள்ள குறிகள்தான் மாறுகின்றன. காற்று மாசு ஆய்வாளர்களுக்கு இது பொருத்தமாகப் பட்டதில் வியப்பில்லை. சூழலுக்கு ஏற்ப மாறக்கூடியது, மாறியபின் ஓரளவு நிலைக்கக்கூடியது என்ற இரண்டு இயல்புகளும் இந்தக் குறிக்கு உண்டு.

ஹாமில்டனின் இரு கொட்டகைகள்

இத்துறையின் மிக அழுத்தமான சான்றுகளில் ஒன்று கனடாவின் ஹாமில்டன் நகரத்திலிருந்து வந்தது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் பெரிய உருக்காலைகள் உள்ள ஊர் அது. அந்தத் துறைமுகத்தில் கூடு கட்டும் கடற்காகங்களின் குஞ்சுகளில் மரபணுத் திடீர்மாற்றங்கள் அதிகமாக இருப்பதை 1996-இல் கரோல் யோக் உள்ளிட்டோர் எழுதினார்கள். காரணம் நீரா, இரையா, காற்றா என்பதைப் பறவைகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனவே ஆய்வுக்கூட எலிகளை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவை ஆலைகளுக்கு அருகே காற்று வீசும் திசையிலும், மற்றதைத் தொலைவில் ஒரு கிராமப்புறத்திலும் கொட்டகை போட்டு வளர்த்தார்கள். இரு கொட்டகையிலும் தீவனமும் தண்ணீரும் ஒன்றே. சுவாசித்த காற்று மட்டும் வேறு.

2004-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அடுத்த கட்டம் இன்னும் நுட்பமானது. ஆலை அருகிலேயே சில எலிகளுக்கு ஹெப்பா வடிகட்டி வழியாக வந்த காற்றைக் கொடுத்தார்கள். தந்தை வழியாகக் குட்டிகளுக்குப் போகும் திடீர்மாற்றங்கள் பாதியாகக் குறைந்தன. வடிகட்டி நிறுத்துவது துகளைத்தானே தவிர வாயுக்களை அல்ல. ஆகவே குற்றவாளி யார் என்பது ஏறக்குறைய தெரிந்துவிட்டது. 2008-இல் விந்தணுக்களின் டி.என்.ஏ.யைப் பார்த்தபோது, ஆலைக்காற்றைச் சுவாசித்த எலிகளில் மெத்திலேற்றம் கூடியிருந்தது. அந்த இடத்தைவிட்டு அகற்றிய பிறகும் அந்த மாற்றம் நீடித்தது. சுவாசிப்பதை நிறுத்திய பின்னும் குறி தங்கியிருக்கிறது என்று ஓர் உயிரினத்தில் நேரடியாகக் காட்டியதுதான் அதன் சிறப்பு.

2009: மனித இரத்தம்

மனிதர்களில் மூன்று ஆய்வுகள் 2009-இல் அடுத்தடுத்து வெளிவந்தன. இத்தாலியின் பிரெஷா அருகே ஓர் உருக்காலையின் 63 தொழிலாளர்களிடம் வாரத்தின் முதல் நாளும், மூன்று நாள் வேலைக்குப் பிறகும் இரத்தம் எடுத்தார்கள். அழற்சியோடு தொடர்புடைய ஐ.என்.ஓ.எஸ். மரபணுவின் மெத்தில் குறிகள் அந்தச் சில நாட்களிலேயே குறைந்திருந்தன. மரபணுத்தொகுதி முழுவதும் திரும்பத் திரும்ப வரும் லைன்-1, ஆலு தொடர்களில் அந்தக் குறுகிய காலத்தில் மாற்றம் இல்லை. ஆனால் அதிகத் தூசியில் வேலை செய்பவர்களிடம் அவற்றின் அளவு மொத்தத்தில் குறைவாக இருந்தது. சில குறிகள் வார வேகத்திலும் சில ஆண்டு வேகத்திலும் நகர்கின்றன என்ற எண்ணத்துக்கு இதுவே தொடக்கம். இந்த வேறுபாடு அக்காலத்தில் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் கருத்து.

பாஸ்டனில் ஆண்ட்ரியா பக்கரெல்லியின் குழு, 1963-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் ஆய்வொன்றில் 718 முதியவர்களின் இரத்தத்தைப் பார்த்தது. முந்தைய சில மணி நேரங்கள் முதல் ஒரு வாரம் வரை வாகனப் புகைக்கரி கூடியிருந்தால் லைன்-1 குறிகள் குறைந்தன. நியூயார்க்கில் ஃப்ரெடெரிகா பெரேராவின் குழு கர்ப்பிணிகளிடம் போனது. வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிப் பெண்கள் கடைசி மூன்று மாதங்களில் 48 மணி நேரம் முதுகில் ஒரு பையைச் சுமந்தார்கள். அதிலிருந்த சிறு பம்ப், அவர்கள் சுவாசிக்கும் காற்றை உறிஞ்சி வடிதாளில் சேர்த்தது. பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில், புகையில் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பனைத் தாய் சுவாசித்த அளவோடு ஒரு மரபணுவின் மெத்திலேற்றம் ஒத்துப்போனது. ஆஸ்துமா அறிகுறிகளோடும் தொடர்பு தெரிந்தது. பார்த்த மாதிரிகள் 56 மட்டுமே. ஆனால் வீட்டு முகவரியை வைத்து ஊகிக்காமல் ஒவ்வொரு பெண்ணின் மூச்சுக்காற்றையும் அளந்த அந்தப் பொறுமை, பின்னாளில் வந்த பல பெரிய ஆய்வுகளில் இல்லை.

எண்ணிக்கை பெருகியபோது

2010-களில் லட்சக்கணக்கான இடங்களை ஒரே சில்லில் படிக்கும் கருவிகள் வந்தன. கண்டுபிடிப்புகள் குவிந்தன, குழப்பமும் குவிந்தது. இரத்தம் பலவகைச் செல்களின் கலவை. மாசினால் ஒரு வகை வெள்ளணு கூடினாலே சராசரி மெத்தில் அளவு மாறிவிடும். குறி மாறியதாகத் தோன்றும், உண்மையில் மாறியது கலவைதான். இதைக் கணக்கிட்டுத் திருத்தும் முறையை ஹவுஸ்மன் குழு 2012-இல்தான் தந்தது. அதற்கு முந்தைய முடிவுகளை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அளவுகோலாக நின்றது சிகரெட். தாய் புகைத்ததால் சிசுவின் இரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். போன்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தை 2012-இல் நார்வே ஆய்வு தெளிவாகக் காட்டியது. 2016-இல் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு 13 ஆய்வுகளின் 6,685 சிசுக்களைச் சேர்த்துப் பார்த்தபோது 6,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மாற்றம் தெரிந்தது. அதே கூட்டமைப்பு 2017-இல், கர்ப்பகாலத்தில் சுவாசித்த நைட்ரஜன் டைஆக்சைடை 1,508 சிசுக்களில் ஆராய்ந்தபோது உறுதியாகத் தேறியவை மூன்றே இடங்கள். மூன்றும் மைட்டோகாண்ட்ரியாவோடு தொடர்புடைய மரபணுக்கள்.

இந்த வித்தியாசத்தை வைத்து மாசு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்று முடிவுகட்டுவது தவறு. சிகரெட்டில் புகையின் அளவு மிக அதிகம். புகைத்தாரா இல்லையா என்பதும் தாயைக் கேட்டால் ஓரளவு தெரியும். நைட்ரஜன் டைஆக்சைடோ வீட்டு முகவரிக்கு மாதிரிக்கணக்கு போட்டு ஒதுக்கிய எண். அலுவலகமும் பேருந்தும் அடுப்படியும் அதில் இல்லை. அளவீடு மங்கலானால் தொடர்பும் மங்கலாகத்தான் தெரியும். ஆய்வுக்கு ஆய்வு வெவ்வேறு இடங்கள் தேறுவதும், ஒன்றில் கிடைத்தது அடுத்ததில் கிடைக்காமல் போவதும் இத்துறையின் உண்மையான பலவீனம். அதில் ஒரு பகுதிக்காவது இதுவே காரணம்.

மெத்தில் குறிகளைக் கொண்டு உடலின் வயதைக் கணக்கிடும் முறையை 2013-இல் ஸ்டீவ் ஹோர்வத் வெளியிட்டார். 353 இடங்கள் அதற்குப் போதும். பாஸ்டன் முதியவர்களில் ஓராண்டு சராசரி நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கூடினால் அந்த வயது சுமார் அரை ஆண்டு கூடுதலாகத் தெரிந்தது என்று 2016-இல் எழுதினார்கள். கவர்ச்சியான எண்தான். ஆனால் அவர்கள் அனைவரும் ஆண்கள், ஒரே வட்டாரத்தினர். இத்தகைய ஒரு வயதுக் கடிகாரம் காட்டுவதை இன்னொன்று காட்டும் என்ற உறுதியும் இல்லை.

காரண காரியத்தை அருகிருந்து பார்த்தவை அறைச் சோதனைகள். வான்கூவரில் ஆஸ்துமா உள்ள 16 பேர் இரண்டு மணி நேரம் நீர்த்த டீசல் புகையையும், வேறொரு நாள் வடிகட்டிய காற்றையும் சுவாசித்தார்கள். ஒரே ஆளை அவரோடே ஒப்பிடுவதால் குழப்பக் காரணிகள் பெரும்பாலும் விலகிவிடுகின்றன. டீசலுக்குப் பின் ஏறக்குறைய 2,800 இடங்களில் மாற்றம். டொரன்டோவில் 10 பேரிடம் நடந்த சோதனை (2017) பி வைட்டமின்கள் இந்த மாற்றத்தைத் தணிப்பதாகச் சொன்னது. கொடுத்த மாத்திரையின் அளவு அன்றாடத் தேவையைவிடப் பல மடங்கு. பத்துப் பேரின் இரத்தத்தை நம்பி ஒரு ஊருக்கே மாத்திரை பரிந்துரைக்க முடியாது. அழுக்குக் காற்றுக்கு மருந்துக்கடையில் விடை தேடச் சொல்வதே தவறான திசை.

பேரப்பிள்ளை வரை இந்தக் குறிகள் போகும் என்று பரவலாக எழுதுகிறார்கள். கர்ப்பிணி சுவாசிக்கும்போது சிசுவும், சிசுவின் உடலில் உருவாகிக்கொண்டிருக்கும் இனச்செல்களும் நேரடியாகவே பாதிப்புக்கு ஆளாகின்றன. ஆகவே தாய்வழியில் கொள்ளுப்பேரர் வரை பார்த்தால்தான் அது மரபுவழி வந்தது என்று சொல்ல முடியும். மனிதர்களில் காற்று மாசுக்கு அப்படியொரு நிரூபணம் இதுவரை இல்லை.

மீட்சி என்ற கேள்வி

குறிகள் மீளுமா என்பதற்குப் புகைப்பழக்கத்தில் நல்ல விடை உண்டு. 15,907 பேரின் தரவை 2016-இல் தொகுத்தபோது, சிகரெட்டை விட்டவர்களின் பெரும்பாலான குறிகள் ஐந்தாண்டுக்குள் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பியிருந்தன. சில மட்டும் 30 ஆண்டு கழித்தும் அப்படியே இருந்தன. காற்று மாசுக்கு இப்படி ஒரு கணக்கு வேண்டுமானால், அழுக்கு நின்றுபோன இடங்களைத் தேடிப்போக வேண்டும்.

சீனாவின் சோங்சிங் பகுதியில் உள்ள டோங்லியாங் அப்படிப்பட்ட இடம். அங்கே ஊருக்குள் இருந்த நிலக்கரி மின்நிலையம் ஆண்டு முழுதும் ஓடாது. நீர்மின்சாரம் குறையும் டிசம்பர் முதல் மே வரை மட்டும் எரியும். 2004-இல் அதை மூடினார்கள். மூடுவதற்கு முன் 2002-இல் பிறந்த குழந்தைகளையும், மூடியபின் 2005-இல் பிறந்தவர்களையும் பெரேராவும் டெலியாங் டாங்கும் ஒப்பிட்டார்கள். பிந்தைய குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் டி.என்.ஏ.யோடு ஒட்டிய ஹைட்ரோகார்பன் குறைந்திருந்தது, லைன்-1 மெத்திலேற்றம் கூடியிருந்தது. ஆனால் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவீட்டில் தெரிந்த பாதிப்பு லைன்-1 வழியாக வந்தது என்பதற்கு 2017-இல் வெளியான ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. குறி, மாசு வந்துபோனதன் தடம். நோய்க்கான பாதை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி நுண்துகள் குறைந்த நாடுகளில் நடந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கான வரம்பை ஐந்து மைக்ரோகிராமாக இறக்கியது. இந்தியாவின் தரம் 40. தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக நான்கு கிராம் குறைவதை 2018-இல் காட்டியது. விறகடுப்பும் வாகனப் புகையும் ஒரே வீட்டில் சேரும் இப்படிப்பட்ட தாய்சேய்க் குழுக்களில்தான் அடுத்த கட்ட மெத்தில் ஆய்வு நடக்க வேண்டும். நியூயார்க் பெண்கள் சுமந்த பையைப் போல ஒவ்வொருவரின் மூச்சையும் அளந்து, அடுப்பு மாறிய பிறகும் ஆலை நின்ற பிறகும் அதே குழந்தைகளிடம் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தால், குறிகளில் எவை திரும்புகின்றன, எவை தங்குகின்றன என்ற பட்டியல் கிடைக்கும்.