இர்வின் சாலையின் இரு முனைகள்: கோல் மார்க்கெட் வட்டாரத்தில் மருதாணியும் முகக் களிம்பும்

1911 டிசம்பரில் நடந்த தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்ததைத் தொடர்ந்து எழுந்த புது தில்லியின் மிகப் பழைய அங்காடிகளுள் ஒன்று கோல் மார்க்கெட். அரசு அலுவலகங்களில் வேலை பார்க்க வந்த எழுத்தர்களின் குடியிருப்புகளுக்கு நடுவே, பன்னிரண்டு பக்கங்களைக் கொண்டிருந்தும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வட்டமாகவே தோன்றும் அந்தக் கட்டடம் 1921-இல் கட்டப்பட்டது. அந்த எழுத்தர்களில் தமிழர் கணிசமாக இருந்தனர் என்பதற்கு, 1923-இல் தில்லி வாழ் தமிழர் தங்கள் பிள்ளைகளுக்கென ஒரு கல்வி அமைப்பைத் தொடங்கினர் என்பதும், அதன் பள்ளிகளுள் ஒன்று கோல் மார்க்கெட்டுக்கு அருகில் மந்திர் மார்க்கில் இன்றும் நடக்கிறது என்பதும் போதிய சான்று.

இந்த வட்டாரத்தின் தெற்கு ஓரத்தில் ஓடும் சாலைக்கு முன்பு இர்வின் சாலை என்று பெயர்; இப்போது அது பாபா கடக் சிங் மார்க். கன்னாட் பிளேஸ் பக்கத்து முனையில் அனுமார் கோயில் இருக்கிறது. கோயிலை ஒட்டிய நடைபாதையில், வளையல் கடைகளுக்கு இடையே, சிறு முக்காலிகள் போட்டு அமர்ந்து மருதாணி இடும் பெண்களை நாள்தோறும் காணலாம். கோயிலில் கூட்டம் சேரும் செவ்வாய், சனிக்கிழமைகளிலும், தீஜ், கர்வா சௌத் போன்ற நோன்பு நாட்களுக்கு முந்தைய மாலைகளிலும் அவர்களுக்கு ஓய்வே இருக்காது. அதே சாலையின் மறுமுனையில், 1932-இல் வில்லிங்டன் பெயரால் தொடங்கி இன்று ராம் மனோகர் லோகியா மருத்துவமனை என்று வழங்கும் அரசு மருத்துவமனை உள்ளது. பெண்களுக்குப் பெண் மருத்துவர்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற அக்காலத் தேவையிலிருந்து பிறந்து, 1916 பிப்ரவரியில் கேட் பிளாட் என்ற பெண் மருத்துவரை முதல் முதல்வராகக் கொண்டு திறக்கப்பட்ட லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி அங்காடிக்கு இன்னும் அருகில் இருக்கிறது. கைக்கும் தலைக்கும் நிறம் ஏற்றும் தொழிலும், தோலுக்கு வைத்தியம் பார்க்கும் துறையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்தது தற்செயலே. ஆயினும் கடந்த நூறாண்டில் இவ்விரண்டும் சந்தித்த சிக்கல் ஒன்றே என்பதால், அவற்றின் வரலாற்றைச் சேர்த்துப் பார்ப்பது பயனுடையது.

மருதாணியிலிருந்து தொடங்கலாம். லாசோனியா இனெர்மிஸ் என்பது இச்செடியின் தாவரவியல் பெயர். லின்னேயசின் நண்பரான ஐசக் லாசன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் நினைவாக அது இடப்பட்டது. இலையில் உள்ள நிறப்பொருளுக்கும் அவர் பெயரால் லாசோன் என்றே பெயர். காய்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே இருக்கும் இப்பொருள், இலையில் சர்க்கரையோடு பிணைந்த நிலையில் அடங்கிக் கிடந்து, இலை நசுங்கி ஈரமும் சற்றே புளிப்பும் சேரும்போதுதான் விடுபடுகிறது. அம்மியில் இலையோடு புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து அரைப்பதும், பொடியை இரவே குழைத்து வைப்பதும் வெறும் பழக்கமல்ல என்பது இதனால் விளங்கும். விடுபட்ட லாசோன், தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின் என்ற புரதத்தோடு நேரடியாகப் பிணைந்து செம்பழுப்பாகப் பற்றுகிறது. தோலின் மேலடுக்கு உரிந்துகொண்டே இருப்பதால் கையில் இட்ட நிறம் இரண்டு மூன்று வாரங்களில் மங்கிவிடும். முடி உயிரற்ற இழை; அதில் பற்றிய நிறம் அந்த முடி வெட்டப்படும்வரை பெரும்பாலும் நிற்கும்.

தமிழ்நாட்டில் மருதாணி ஆடி மாதத்துக்கும் திருமண வீட்டுக்கும் உரியது. விரல் நுனிகளுக்குத் தொப்பிபோல் அப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் சில புள்ளிகளும் வைத்தால் வேலை முடிந்தது. நரைக்கு அதைப் பூசும் வழக்கமும் இங்கு உண்டு; இரும்புச் சட்டியில் தேயிலைச் சாற்றோடு ஊறவைத்த பொடி கூடுதலாகக் கறுக்கும் என்ற வீட்டறிவு, லாசோன் இரும்போடு சேர்ந்தால் கருஞ்சாயல் கொள்ளும் என்ற வேதியியலோடு ஒத்துப்போகிறது. ஆனால் நரைக்குச் சாயம் ஏற்றுவதைத் தனிக் கலையாக வளர்த்தது தில்லியின் யுனானி மரபே. தலைமுடிக்கும் தாடிக்கும் இடும் சாயத்தை யுனானி மருத்துவர்களான ஹக்கீம்கள் கிசாப் என்றனர். மருதாணியோடு வஸ்மா என்ற அவுரி இலைப்பொடியைச் சேர்த்தோ, ஒன்றன்பின் ஒன்றாகப் பூசியோ, செம்பழுப்பிலிருந்து ஏறத்தாழக் கருமை வரை வேண்டிய நிறத்தை வருவிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நரைத்த தாடிக்கு மருதாணி இடுவதற்கு இசுலாமிய மரபு தந்த மதிப்பும் பழைய தில்லியில் இவ்வழக்கம் நிலைத்ததற்கு ஒரு காரணம். ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் கரோல் பாகில் எழுந்த திப்பியாக் கல்லூரிக்கு 1916-இல் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய வைஸ்ராய் ஹார்டிங் பிரபு; 1921 பிப்ரவரியில் அதைத் திறந்து வைத்தவர் காந்தி. லேடி ஹார்டிங் கல்லூரி ஆங்கில மருத்துவத்துக்குத் திறக்கப்பட்ட ஆண்டிலேயே யுனானிக்கும் ஆயுர்வேதத்துக்குமான கல்லூரிக்கு அடிக்கல் விழுந்தது, அன்றைய அரசு இரு மருத்துவங்களையும் எப்படிக் கையாண்டது என்பதைக் காட்டும் சுவையான செய்தி.

இலை வந்த இடங்களும் மாறின. தில்லிக்குத் தெற்கே உள்ள ஃபரீதாபாத் ஒருகாலத்தில் மருதாணிக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று அந்தப் பெயர் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத்துக்குப் போய்விட்டது. சோஜத் மருதாணி 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அவுரிக்கோ தமிழ்நாட்டின் திண்டிவனம் வட்டாரம் பேர்போனது. மருதாணியையும் அவுரியையும் அடுத்தடுத்துப் பூசிக் கருமை பெறும் முறை மெதுவானது. முதல் பூச்சுக்குச் சில மணி நேரம், அலசி முடித்து இரண்டாம் பூச்சுக்கு மேலும் சிறிது நேரம், நிறம் முழுமையாகத் தெரிய மறுநாள் வரை என்று அது காத்திருக்கச் சொல்லும். மருதாணி மட்டும் பூசினால் விரைவு கூடும். ஆனால் நரை செம்மையாகுமே தவிரக் கறுக்காது.

இந்தக் காத்திருப்பைக் குறைத்துத் தருவதாக வந்ததுதான் பாராஃபினிலீன் டையமின். சுருக்கமாகப் பிபிடி எனப்படும் இது நிலக்கரித் தாரின் வழிவந்த வேதிப்பொருள்களுள் ஒன்று. முடிச்சாயமாக இதன் பயன்பாடு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தொடங்கியது. 1907-இல் பாரிசின் இளம் வேதியியலாளர் யூஜின் ஷூயெல்லர் தம் சாயத்தை உருவாக்கி, இரண்டாண்டு கழித்து நிறுவிய கம்பெனியே இன்றைய லோரியால். பிபிடி தனித்த நிலையில் பெரிதும் நிறமற்றது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற உயிர்வளியேற்றியோடு சேர்ந்து முடி இழைக்குள் நுழைந்து, அங்கே பெரிய மூலக்கூறுகளாகத் திரண்டு கறுப்பதால், அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. உரிய அளவில், உரிய எச்சரிக்கையோடு விற்கப்பட்டால் இது ஒரு முடிச்சாயம், அவ்வளவே. சிக்கல் அதை மருதாணி என்ற பெயரில் விற்றதில் தொடங்கியது. கருப்பு மருதாணி என்ற பொட்டலங்களில் இலைப்பொடி பெயருக்கு இருக்க, கருமையைத் தருவது பிபிடியாக இருந்தது. பின்னர் அதே கலப்பு கைக்கு இடும் கூம்புகளுக்கும் வந்தது.

பிபிடி சிலருக்குத் தொடு ஒவ்வாமையை உண்டாக்கும். முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போகலாம். உடலின் தடுப்பாற்றல் அப்பொருளை நினைவில் வைத்துக்கொண்டபின், அடுத்த தடவை ஓரிரு நாளில் வரைந்த கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் எழும், அல்லது தலையோரமும் கண்ணிமையும் வீங்கும். அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம் என்பதோடு, வேறு சில சாயங்களுக்கும் மரப்பு மருந்துகளுக்கும் அது பரவுவதும் உண்டு. தூய மருதாணிக்குத் தீங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை: ஜி6பிடி என்ற நொதி குறைந்த கைக்குழந்தைகளின் உடலில் அதைப் பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். எனினும் அது அரிது. கலப்படத்தின் தீங்கோ அன்றாடம் நேர்வது.

இனிச் சாலையின் மறுமுனை. முகப்பருவுக்கும் மங்குக்கும் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் ரெட்டினாய்டுகள் என்ற மருந்து வகை, வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருள்களால் ஆனது. அவற்றுள் மூத்ததான டிரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ அமிலம். அதை 1946-இல் டச்சு வேதியியலாளர்கள் ஆரன்சும் வான் டார்ப்பும் செயற்கையாக உருவாக்கினர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மன் குழு, முகப்பருவுக்கு அதைப் பூசிய முடிவுகளை 1969-இல் வெளியிட்டது. 1971-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. பருவுக்காகப் பூசிய நடுவயதுப் பெண்களின் முகச்சுருக்கமும் குறைந்ததைக் கவனித்து, வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் அது பயன்படும் என்று 1986-இல் அதே குழு எழுதியது. இதே கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் 1951 முதல் 1974 வரை பல பொருள்களைச் சோதித்தவர் என்பதையும் இம்மருந்தின் வரலாறு மறைக்க முடியாது. மருத்துவ ஆய்வில் கைதியின் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்ற விவாதத்தில் அச்சிறையின் பெயர் இன்றும் அடிபடுகிறது.

டிரெட்டினாயின் தோலின் உயிரணுக்களுக்குள் சென்று, மேலடுக்கு புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. ஆகவே முதல் சில வாரங்களில் முகம் சிவப்பதும், எரிவதும், செதிலாக உரிவதும், பரு சற்றுக் கூடினாற்போல் தோன்றுவதும் பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் பக்க விளைவுகளே. தோல் இதற்குப் பழகும் காலத்தைக் கடப்பதற்கென்றே மருத்துவர்கள் சில முறைகளைச் சொல்கின்றனர்: முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு, கழுவி நன்கு உலர்ந்தபின், இரவில் மட்டும், தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் அல்லது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எரிச்சல் மிகுந்தால் முதலில் ஈரப்பசைக் களிம்பு, பகலில் வெயில் தடுப்புக் களிம்பு, கருவுற்றிருப்போரும் கருவுறத் திட்டமிடுவோரும் தவிர்க்க வேண்டும். இவ்வாறு உரியும் நிலையில் உள்ள நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடிச்சாயம் படுமானால் எரிச்சல் மிகும் என்பதால், தோல் தேறும்வரை சாயத்தைத் தள்ளிவைப்பதும், தேறியபின்னும் முன்கையில் சிறிது பூசிச் சோதித்த பிறகே தலைக்குப் பூசுவதும் நல்லது. டிரெட்டினாயினின் பயன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

மருதாணிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. மங்குக்கென 1975-இல் கிளிக்மனும் வில்லிசும் ஒரு கலவையை முன்வைத்தனர்: நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், இவற்றின் எரிச்சலை அடக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில், குறித்த காலத்துக்கு மட்டுமே பூச வேண்டிய இவ்வகைக் கலவை, இந்தியாவில் வேறு ஸ்டீராய்டுகளோடு சிறு குழாய்களில் வந்து, மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் சிவப்பழகுக் களிம்பாக விற்பனையானது. எரிச்சல் தெரியாது, சில நாட்களில் நிறம் வெளுக்கும், விலையும் குறைவு. அது பரவியதில் வியப்பில்லை. மாதக்கணக்கில் பூசியவர்களின் தோல் மெலிந்தது, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன, பருவும் முடியும் முளைத்தன, நிறுத்தினாலோ முன்னைவிடக் கடுமையான எரிச்சல் திரும்பியது. இந்நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008-இல் தனிப்பெயர் சூட்டினர். நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் நோய்க்காக வந்த 2926 பேரைப் பரிசோதித்து 2011-இல் வெளியான ஆய்வு, அவர்களில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிவந்ததைக் கண்டது. இது ஏழில் ஒருவருக்கும் சற்று மேல். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து வற்புறுத்தியதை அடுத்து, 2018-இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இயற்கையானது நல்லது, வேதிப்பொருள் தீயது என்ற பரவலான பாகுபாடு இவ்வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. மருதாணியின் செந்நிறமும் அது கேட்கும் நேரமும், டிரெட்டினாயினின் எரிச்சலும் அது கேட்கும் மாதங்களும் அவ்வப்பொருளின் இயல்பு. அவ்வியல்பை மறைத்து விரைவாக விற்பதற்காக ஒன்றில் பிபிடியும் மற்றொன்றில் ஸ்டீராய்டும் கலந்தன. தீங்கு செய்தவை பெரும்பாலும் அந்தக் கலப்புகளே. கலந்தவர் யார் என்பதும் கலந்ததை வாங்குபவருக்குச் சொன்னார்களா என்பதுமே கேட்க வேண்டியவை.

களிம்பின் பக்கத்தில் சட்டம் ஓரளவு வந்துவிட்டது. மருதாணியின் பக்கத்தில் வாங்குபவரின் கண்ணே காவல்: இலை மட்டும் அரைத்த பொடி செம்மைதான் தரும், அதற்கும் சில மணி நேரம் ஆகும், கால் மணி நேரத்தில் கருங்கோலம் தருவதாகச் சொல்லும் கூம்பில் இலைக்கு அப்பால் வேறொன்று இருக்கிறது, அதைக் கையில் இடாமல் இருப்பதே சரி.