வெள்ளிப் பதக்கமும் நாமக்கல் கவிஞரும்

ஆண்டுதோறும் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும்போது நடிகர், இயக்குநர் பெயர்களையே நாம் முதலில் தேடுகிறோம். கதை யாருடையது என்று கேட்பவர் மிகச் சிலரே. தேசியத் திரைப்பட விருதுகளின் தொடக்க காலப் பட்டியல்களை இந்தக் கேள்வியோடு படித்தால், அவற்றுள் ஓர் இலக்கிய வரலாறும் மறைந்திருப்பது தெரியும்.

நடுவண் அரசு 1954இல் இவ்விருதுகளைத் தொடங்கியது. முதல் தங்கப் பதக்கம் பெற்ற 'சியாம்ச்சி ஆயி' என்னும் மராத்திப் படம் சானே குருஜியின் நூலிலிருந்து பிறந்தது. அவர் 1950இலேயே மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டு தங்கப் பதக்கம் 'மிர்சா காலிப்' படத்துக்குச் சென்றது. அதன் கதையை எழுதிய சாதத் ஹசன் மண்ட்டோ, 1955 ஜனவரியில் லாகூரில் காலமானார். மலையாளத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற 'நீலக்குயில்' உரூபின் கதை.

அதே ஆண்டு தமிழுக்குரிய குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை 'மலைக்கள்ளன்' (1954) பெற்றது. அப்பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுவே. இதன் மூலம், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல்.

கவிஞர் 1888இல் காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் பிறந்தவர். 1930இல் இராஜாஜி தலைமையில் நடந்த வேதாரணியம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதித் தந்தவர். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர். அத்தகைய காந்தியவாதி ஒரு கள்வனை நாயகனாக்கினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அவர் படைத்த கள்வன் எளியோர்க்குத் துணை நிற்பவன். மலையில் தலைவனாகவும் ஊரில் அப்துல் ரஹீம் என்னும் வணிகராகவும் இரட்டை வாழ்வு வாழ்பவன்.

படத்தைத் தயாரித்து இயக்கியவர் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர், நாயகி பானுமதி. கருணாநிதியும் எம்.ஜி.ஆரும் 1950இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரிகுமாரி'யில் இணைந்தவர்கள். ஆக, படம் கோவையில் உருவானாலும், அதன் கதையும் அதன் கூட்டணியும் சேலம் நாமக்கல் சமவெளியோடு உறவுடையவை.

இக்கதை தமிழோடு நின்றுவிடவில்லை. தெலுங்கில் 'அக்கி ராமுடு', இந்தியில் 'ஆசாத்', மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள', சிங்களத்தில் 'சூரசேன' என 1954 முதல் 1957க்குள் ஐந்து மொழிகளுக்குச் சென்றது. 'ஆசாத்' படத்துக்காக திலீப் குமார் 1956இல் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது பெற்றார். ஒரே கதை டில்லியில் ஒரு பதக்கத்தையும் பம்பாயில் ஒரு விருதையும் ஈட்டித் தந்தது.

அந்நாளில் தேசிய விருது படத்துக்கே உரியது. கதாசிரியருக்கெனத் தனிப் பதக்கம் இல்லை. சிறந்த நடிகர், நடிகைக்கான விருதுகள்கூட 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. எனவே கவிஞருக்கு அநீதி இழைக்கப்பட்டதாக நாம் சொல்லவில்லை. 1971இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் ஒரு மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கவிஞரை நாடு மறக்கவில்லை. மறந்தது நாவலாசிரியரைத்தான்.

'மலைக்கள்ளன்' என்றதும் எம்.ஜி.ஆர் முகமே நினைவுக்கு வருவது இயல்பு. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்கிறது. படத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அதையும் ஒருமுறை தேடி வாசிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.