ஏரியில் நகர், சதுப்பில் சேரி

ஆக்கிரமிப்பு என்கிற சொல்லுக்குச் சாதி இருக்கிறது. கூவம் கரையில் நாலு ஓலை வைத்துக் குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு. ஏரியைத் தூர்த்து மனை பிரித்து விற்றால் அது நகர வளர்ச்சி. சென்னையின் வரலாற்றைக் கோட்டையில் ஆரம்பித்துச் சபாக்களில் முடிக்கிறவர்கள் இந்த ஏரிக் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் யார் எதை ஆக்கிரமித்தார்கள் என்பது தெரிந்துபோகும்.

பழைய செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் கழுவெளி, பிறகு கடல். ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டிய வெட்டியான் சேரிக்காரன். கரை உடைகிற ராத்திரியில் மண் சுமந்தவர்களும் நம்ம சனங்கதான். குடிமராமத்து என்று இன்றைக்கு ரொம்பப் பெருமையாகப் பேசுகிறார்கள். அதில் மண்வெட்டி பிடித்தது யார் கை, அந்தக் கைக்கு ஊர்க் கிணற்றில் இடம் இருந்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது. ஏரியைக் காத்தவனுக்கு ஏரிப் பாசனத்தில் காணி கிடையாது. பின்னால் அந்த ஏரி மனையானபோதும் அவனுக்கு மனை கிடையாது.

மாம்பலத்தை எடுத்துக்கொள்வோம். நகரின் மேற்கு ஓரத்தில் நுங்கம்பாக்கம் ஏரியோடு சேர்ந்து நீளமாகக் கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் 'லாங் டாங்க்' என்றான். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் மாம்பலம் திட்டம் தொடங்கியது. பிறகு ஏரியையும் வடித்து மனை போட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. பிட்டி தியாகராயர் பேரில் நகர், பனகல் அரசர் பேரில் பூங்கா, உஸ்மான் பேரில் சாலை. பார்ப்பனரல்லாதார் அரசியலின் வரைபடத்தையே தெருக்களில் படிக்கலாம். ஏரி மட்டும் மேற்கு மாம்பலத்தில் 'ஏரிக்கரைச் சாலை' என்கிற பெயரில் மிஞ்சியிருக்கிறது.

இதே வருஷங்களில் புளியந்தோப்பில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடரின் குடிசைகள் எரிந்தன. அரசாங்கம் அவர்களுக்குச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சிக்காரர்கள் பலர் பேசினார்கள். 1923-ல் எம்.சி. ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். வேலை செய்கிறவன் குடிசை எரிந்து கிடக்கையில் ஏரிக்கு மேல் உத்தியோகஸ்தர்களுக்கு வீட்டுமனை அளந்தாயிற்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய வரலாற்றாசிரியரை நான் இன்னும் படிக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வேகம் கூடிற்று, அவ்வளவுதான். நுங்கம்பாக்கம் ஏரியில் மிச்சமிருந்த பள்ளத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வீட்டு வசதி வாரியம் ஏரிக்குள்ளேயே மனைத் திட்டம் போட்டது. அதை ஒளிக்கக்கூட இல்லை. 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்றே இன்றைக்கும் முகவரி எழுதுகிறார்கள், தபாலும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. அவர்களிடம் பட்டா இருக்கிறது, குடிநீர் இணைப்பு இருக்கிறது. மழை வந்தால் மட்டும் தண்ணீர் பழைய ஞாபகத்தில் வீட்டுக்குள் வரும். அப்போது தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஆற்றங்கரைக் குடிசைகளால்தான் வெள்ளம் என்பார்கள்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. ஆரம்பத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒழுகினாலும் இடிந்தாலும் வேலைக்கு நடந்து போகிற தூரம் அது. 2000 முதல் கதை மாறியது. நகரத்தின் நடுவே நிலத்துக்கு விலை ஏறியதும் சனங்களை லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். எங்கே? பள்ளிக்கரணைக் கழுவெளியின் ஓரத்துக்கு.

அந்தக் கழுவெளி ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்தது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேறும். நெல் விளையாத நிலம் என்பதால் அரசாங்கக் கணக்கில் அது தரிசு. பெருங்குடியில் நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. கல்லூரி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. கூடவே நம் சனங்களையும் கொண்டுவந்து கொட்டினார்கள். மடுவுக்குப் பக்கத்தில் கண்ணகி நகர், 15,000 வீடுகளுக்கு மேல். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 6,000-க்கு மேல். அப்புறம் பெரும்பாக்கம், எட்டு அடுக்கில் 20,000-க்கு மேல். இவ்வளவு நெருக்கமாக ஒரு அக்கிரகாரத்தையோ அதிகாரிகள் குடியிருப்பையோ யாரும் கட்டியதில்லை. குப்பையும் சேரியும் ஒரே திசையில் போனதைத் தற்செயல் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2015 டிசம்பர் வெள்ளம் இவர்களுக்கு ஒரு சாக்கு. செம்மஞ்சேரி அப்போதே தண்ணீரில் நின்றது. ஆனாலும் அடையாற்றுக் கரையிலும் கூவக் கரையிலும் இருந்தவர்களை 'வெள்ளத்திலிருந்து காப்பாற்ற' என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளத்திலிருந்து எடுத்துப் பெரும்பள்ளத்தில் வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றார்கள், பலர் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் நடுவருஷத்தில் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். ஆற்றை அடைத்துக் கட்டிய பெரிய கட்டடம் எதையும் அந்த வேகத்தில் இடித்ததாகத் தெரியவில்லை.

சுற்றுச்சூழல்காரர்களிடமும் ஒரு வார்த்தை. கழுவெளியைக் காக்கணும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஏரியை அவர்களுக்கு முன்னாலேயே காத்தவர்கள் நாம். 2022-ல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 1,247 ஹெக்டேர். பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், எடுக்கட்டும். ஆனால் கழுவெளி சுருங்கிய கதையைச் சொல்லும்போது ஏன் பெரும்பாக்கத்துப் படத்தையே போடுகிறீர்கள்? அந்தச் சனங்களா அங்கே வீடு கேட்டு மனுப் போட்டார்கள்? 2023 டிசம்பர் புயல் மழையில் பெரும்பாக்கத்தைத் தண்ணீர் சூழ்ந்து, கரண்ட் இல்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சனங்க மாடியில் நின்றபோது, அவர்கள் முன்பு குடியிருந்த கூவக் கரையில் பல இடங்களில் கம்பி வேலி போட்டுச் செடி நட்டிருந்தார்கள்.