கராகஸுக்குப் போன மாவுப் பீப்பாய்கள்

1812ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், இயேசுவின் கடைசி இராவுணவைக் கிறித்தவர்கள் நினைவுகூரும் பெரிய வியாழனன்று, தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில், வெனிசுவேலாவின் கராகஸ் நகரையும் அதன் துறைமுகமான லா குவைராவையும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. முந்தைய ஆண்டு ஜூலையில்தான் ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்திருந்த அந்த இளங்குடியரசுக்கு, ஆயிரக்கணக்கானோரின் சாவோடு, அது நேர்ந்த நாளும் கேடாக முடிந்தது. 1810இல் ஸ்பானிய ஆட்சித் தலைவர் பதவியிறக்கப்பட்டதும் ஒரு பெரிய வியாழனன்றே என்பதால், இது மன்னரை எதிர்த்தோருக்கு இறைவன் தந்த தண்டனை என்று மன்னர் தரப்புப் பாதிரியார்கள் முழங்கினர். மன்னர் பக்கம் நின்ற கோரோ, மரகாய்போ நகரங்கள் பெருஞ்சேதமின்றித் தப்பியது அவர்கள் பேச்சுக்கு வலுச் சேர்த்தது.

செய்தி எட்டியதும், வெனிசுவேலா மக்களுக்கு உணவுப்பொருள் வாங்கி அனுப்ப 50,000 டாலர் வரை செலவிட அதிபர் ஜேம்ஸ் மாடிசனுக்கு அதிகாரமளிக்கும் சட்டத்தை, மே 8ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியது. அயல்மண்ணில் நேர்ந்த பேரிடருக்கு அமெரிக்கா தன் பொதுக் கருவூலப் பணத்தை ஒதுக்கிய முதல் நிகழ்வு இது. உலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1755இல் லிஸ்பன் நிலநடுக்கத்தின்போது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,00,000 பவுண்டு வழங்கியிருந்தது. போர்ச்சுகலில் ஆங்கிலேய வணிகர்களுக்குப் பெரும் வாணிபம் இருந்ததைப் போலவே, ஸ்பெயினின் பிடி தளர்ந்த தென்னமெரிக்கத் துறைமுகங்களின் மீது அமெரிக்கர்களுக்கும் கண் இருந்தது. இரக்கம் போலியானது என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இரக்கம் மட்டுமே கருவூலத்தைத் திறந்தது என்று எண்ணுவதும் வெகுளித்தனம்.

மாவு ஏற்றிய கப்பல்கள் லா குவைராவை அடைந்த காலத்தில் குடியரசே சரிந்துகொண்டிருந்தது. மன்னர் படைத் தலைவர் மொன்டெவெர்டேயிடம் குடியரசின் தளபதி பிரான்சிஸ்கோ டி மிராண்டா ஜூலை இறுதியில் சரணடைய, விடுதலை பெற்ற மக்களுக்கென ஒதுக்கப்பட்ட மாவில் ஒரு பகுதி மன்னர் தரப்பின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

ஒருமுறை கொடுத்ததால் அது வழக்கமாகிவிடவுமில்லை. உருளைக்கிழங்கு நோயால் விளைந்த பஞ்சத்தில் அயர்லாந்து மடிந்துகொண்டிருந்த 1847இல், 5,00,000 டாலர் வழங்கும் மசோதாவை மேலவையான செனட் ஏற்றும், வரிப்பணத்தை இவ்வாறு கொடுக்க அரசியல் சட்டம் இடமளிக்கவில்லை என்ற எதிர்ப்பினூடே அது கீழவையைத் தாண்டவில்லை. தனியார் திரட்டிய தானியத்தைச் சுமந்து செல்ல ஜேம்ஸ்டவுன், மாசிடோனியன் என்னும் இரண்டு போர்க்கப்பல்களை இரவல் தந்ததோடு காங்கிரஸ் நின்றுகொண்டது.