கள்ள பவுண்டு நோட்டுகள் (இங்கிலாந்து, 1797–1821)

கள்ள நோட்டைக் கண்டறியும் முறைகளின் வரலாற்றில் இங்கிலாந்து வங்கியின் 1797 முதல் 1821 வரையான காலம் குறிப்பிடத்தக்கது. நோட்டைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் வங்கிக்குள் இருந்தனர்; அன்றாடம் நோட்டு வாங்கிய மக்களுக்கு அது தெரியாது. இக்காலத்தில் கள்ள நோட்டுக் குற்றத்துக்காக 300க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர்.

1797 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையொன்று வேல்சின் ஃபிஷ்கார்டு அருகே கரையிறங்கியது. அச்சமடைந்த மக்கள் நோட்டுகளைக் கொடுத்துத் தங்கம் கேட்டனர். இருப்பு கரையவே, தங்கம் தருவதை நிறுத்துமாறு அரசு வங்கிக்கு ஆணையிட்டது. தங்க நாணயத்துக்கு ஈடாக 1, 2 பவுண்டு நோட்டுகள் வெளிவந்தன. அதுவரை 5 பவுண்டே மிகச் சிறிய நோட்டு. அது பெரும்பாலும் வணிகர் கையிலேயே புழங்கியது. புதிய நோட்டுகளோ எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளர் கைக்கும் வந்தன.

கறுப்பு மையில் ஒரே பக்கம் அச்சிட்ட எளிய தாள் அது. செப்புத் தகட்டில் எழுத்து செதுக்கத் தெரிந்தவர் அதைப் போலி செய்ய முடிந்தது. நார்மன் கிராஸ் முகாமில் இருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகள் சிலரும் அதைப் போலி செய்தார்கள்.

எனவே உண்மையான பாதுகாப்பு அச்சில் இல்லை, தாளில்தான் இருந்தது. லேவர்ஸ்டோக் ஆலையில் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்ட மெல்லிய, மொடமொடப்பான தாள் அது. 1801இல் அதில் அலைபோன்ற கோடுகள் நீர்க்குறியாகச் சேர்க்கப்பட்டன. கூழ் ஈரமாக இருக்கும்போதே சல்லடைக் கம்பியின் வடிவம் அதில் பதியும். கம்பி பட்ட இடத்தில் கூழ் மெலிவதால், வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் வெளிறித் தெரியும். கள்ளர்கள் காய்ந்த தாளில் எண்ணெய் தடவியோ அழுத்தியோ இதைப் போலி செய்ய முயன்றனர். பழகிய கண்ணுக்கும் விரலுக்கும் வேறுபாடு புலப்படும். மங்கிய மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிட்டாய் விற்பவருக்கு எப்படிப் புலப்படும்?

வங்கியில் வேறு வழிகளும் இருந்தன. நோட்டின் எண், தேதி, கையெழுத்து ஆகியவற்றைப் பதிவேடுகளோடு ஒப்பிடலாம். கையெழுத்திட்ட எழுத்தரே நீதிமன்றத்துக்கு வந்து, "இது என் கையெழுத்து அல்ல" என்று சாட்சி சொல்வார். ஆனால் வங்கி ஆய்வாளர்கள் தாங்கள் கவனிக்கும் எல்லா அடையாளங்களையும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் கள்ளர்களும் கற்றுக்கொள்வார்கள் என்பது வங்கியின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் நடத்தாத பாடத்தில் தேர்வு வைப்பது போன்றதே இது. கள்ள நோட்டை வங்கிக்குக் கொண்டுவந்தவர் அந்தப் பணத்தை இழந்தார், ஈடு கிடைக்கவில்லை. கள்ள நோட்டு என்று அறிந்தே வைத்திருந்தவருக்கு 1801ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு நாடுகடத்தல். அறிந்தே மாற்றினால் மரணம். பிடிபட்டவர்களில் பலர், அதில் பெண்களும் அடக்கம், நோட்டைச் செய்தவர்கள் அல்லர், மாற்றியவர்கள்.

1818 இறுதியில் லண்டன் ஜூரிகள் எதிர்ப்புக் காட்டினர். நோட்டு கள்ளம் என்பது எப்படித் தெரிந்தது என்று ஆய்வாளர்களைத் துருவிக் கேட்டனர். மழுப்பலான பதில் வந்தபோது குற்றவாளியல்ல எனத் தீர்ப்பளித்தனர். 1819இல் ஓவியர் ஜார்ஜ் குரூக்ஷாங்க், தூக்கில் தொங்கும் உருவங்களும் சுருக்குக் கயிறும் கொண்ட கேலி நோட்டு ஒன்றை வரைந்தார். அதைப் பார்க்கக் கடை வாசலில் கூட்டம் கூடியது.

1821இல் தங்கம் வழங்குவது மீண்டும் தொடங்கியது. சிறு நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. போலி ஆவணக் குற்றங்கள் பெரும்பாலானவற்றுக்கு மரண தண்டனை 1832இலும், எஞ்சியவற்றுக்கு 1837இலும் நீக்கப்பட்டது.