அரசு தொடக்கப்பள்ளியும் நம் பிள்ளைகளும்

முஸ்லிம் பிள்ளைகள் என்றாலே மதரஸாதான் என்று பலர் எண்ணுகிறார்கள். பள்ளி வயதினரில் சுமார் 3 சதவீதத்தினரே மதரஸாவுக்குச் செல்வதாக 2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை கூறியது. 6 முதல் 14 வயதினரில் கால்வாசிப் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் கவலை இதுதான்.

பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கினால் ‘அந்தப் பள்ளி சரியில்லை’ என்று ஜும்ஆ முடிந்து பேசிக்கொள்கிறோம். அங்கே வீட்டின் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்தான்; ஐந்து வகுப்புகளையும் அவர்களே பார்க்க வேண்டும். போதாததற்கு, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சிறுபான்மையினர் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அங்கே போய் அமர்ந்து, ஆசிரியர் பணியிடம் காலியா என்று கேட்கலாம்.