அர்பத்நாட் முதல் வாட்ஸ்அப் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் நான் பேசிக்கொண்டே இருந்தது உங்களுக்குப் பழக்கம்தானே.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. மதராஸில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொன்ன காலம் அது. வியாபாரக் கம்பெனிதான், ஆனால் ஊர் மக்களிடம் டெபாசிட்டும் வாங்கி வந்தது. மற்ற பேங்குகளைவிடக் கூடுதல் வட்டி தந்தது. தலைமையில் இருந்தவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். பெயருக்கு முன்னால் ‘சர்’, வர்த்தக சபையில் தலைமைப் பொறுப்பு, கவர்னர் மாளிகை வரை பழக்கம். வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், பென்ஷன்காரர்கள், கணவனை இழந்த பெண்கள் என்று பலரும் வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அது சிலர் சேர்ந்து நடத்திய கூட்டு வியாபாரம்.

பணம் எங்கே போனது? லண்டனில் மக்ஃபாட்யன் என்ற பங்காளி அதை ஊக வியாபாரத்தில் கொட்டியிருந்தார். குட்டு வெளிப்பட்டதும் அவர் தற்கொலை செய்துகொண்டார். சேதி கடல் தாண்டி வந்ததும் இங்கே கதவு மூடியது. இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கம்பெனி உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்த நிலையிலும் கடைசி வரை புது டெபாசிட்டை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 1907-ல் சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. வெள்ளைக்கார துரை, அதிலும் சர் பட்டக்காரர், ஜெயிலுக்குப் போனது ஊரே வாய்பிளந்த சேதி. பணம் போட்டவர்களுக்கு அதனால் வயிறு நிறையவில்லை.

அவர்களுக்காக வாதாடியவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர். பாரதியாரின் பாடல்களை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தாரே, அதே மனிதர். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் திசை, அது வேறு கதை. நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்ள நமக்கென்று ஒரு பேங்க் வேண்டும் என்று அவரும் நகரத்தார் பெருமக்கள் சிலரும் முனைந்தார்கள். 1907 மார்ச்சில் பதிவாகி, ஆகஸ்ட் 15-ல் வேலை தொடங்கியது இந்தியன் பேங்க். ஆகஸ்ட் 15 தற்செயல்தான். வரலாற்று வாத்தியார் என்பதால் தேதியை விட மனசு வரவில்லை.

ஒவ்வொரு சட்டத்துக்கு அடியிலும் ஒரு கூட்டத்தின் அழுகை இருக்கிறது. 1960-ல் கேரளத்தில் பாலா சென்ட்ரல் பேங்க் விழுந்தது. அதன்பின் 1962-ல் டெபாசிட் இன்சூரன்ஸ் வந்தது. அப்போது ஆளுக்கு 1,500 ரூபாய்க்குத்தான் உத்தரவாதம். 2020 முதல் அது 5 லட்சம். பேங்க் டெபாசிட்டுக்கு மட்டும்தான் இது. வாசலில் பெரிய போர்டு மாட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கிடையாது. இதை எனக்கு 1996-ல் யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆமாம், நானும் ஏமாந்தவன்தான். இதுவரை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை. பெயர் வேண்டாம், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. 24 சதவீத வட்டி. பி.எஃப். கடனில் எடுத்த 40,000 ரூபாயைப் போட்டேன். முதல் ஆறு மாதம் வட்டி டாண் டாணென்று வந்தது. அந்தப் பெருமையில் ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் எங்கள் தமிழய்யா. அர்பத்நாட் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிற ஆளே போட்டிருக்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் 75,000 போட்டார், மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். 1998-ல் ஷட்டர் இறங்கியது. அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ கம்பெனிகள். டெபாசிட்தாரர்களைக் காக்கத் தமிழக அரசு 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அவர் மகள் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன மாதம் நடந்தது. காலை பதினொரு மணிக்குத் தமிழய்யாவின் பழைய பட்டன் போனிலிருந்து அழைப்பு. குரல் கிசுகிசுத்தது. “சார், பாத்ரூமிலிருந்து பேசறேன். வாட்ஸ்அப் வீடியோவில் போலீஸ் யூனிஃபார்மில் ஒருத்தர். என் ஆதார்ல யாரோ பணம் கடத்தியிருக்காங்களாம். டிஜிட்டல் அரெஸ்டாம். போனைக் கட் பண்ணக்கூடாது, யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம். எஃப்.டி.யை உடைச்சு அவங்க சொல்ற கணக்குக்கு அனுப்பணுமாம், விசாரணை முடிஞ்சு திருப்பித் தருவாங்களாம்.”

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே இல்லை சார், அந்த போனை அணைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள் என்றேன். ஆட்டோ பிடித்து ஓடினேன். பேங்குக்குச் சொல்லி, 1930 என்ற எண்ணுக்கும் புகார் கொடுத்தோம். நல்லவேளை, பணம் போகவில்லை. போயிருந்தாலும் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அப்போதுதான் வழி உண்டு. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால், பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போகிற பணத்துக்கு நாம்தான் பொறுப்பு. இது ரிசர்வ் பேங்கின் 2017 விதி. வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

எல்லாம் முடிந்து அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தொண்டையில் நின்றது அன்றுதான் வெளியே வந்தது. “அவ்வளவு நடந்தும் என்னையா சார் கேட்டீங்க?”

எண்பத்தொரு வயதுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நீங்களும்தானே சார் போட்டீங்க” என்றார்.